போன்சாய்க்குக் கம்பி: அலுமினியமா செம்பா, எந்தத் தடிமன், எதைப் பார்த்து வாங்குவது?

மண்வாசம் எழுதியது:

வணக்கம். தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் மரங்களாக என்னிடம் இரண்டு ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்), ஒரு காகிதப்பூ, ஒரு ஜூனிப்பர் இருக்கின்றன. ஃபைகஸை இதுவரை வெட்டி வெட்டியே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஜூனிப்பரிடம் அது பலிக்கவில்லை. அதன் கீழ்க்கிளை ஒன்று பென்சில் தடிமனில் மேல்நோக்கியே ஏறுகிறது. அதைத் தாழ்த்தி ஒரு நெளிவு கொடுத்தால்தான் மரம் வயதானதாகத் தெரியும். கம்பி சுற்றாமல் வழியில்லை.

வாங்கலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஒருவர் அலுமினியம் என்கிறார், இன்னொருவர் செம்பு என்கிறார். ஓரிடத்தில் மி.மீ., இன்னோரிடத்தில் கேஜ். போன்சாய்க்கென்றே விற்கும் சுருள்தான் வேண்டுமா, வீட்டு வயரிங் ஒயரை உரித்து எடுத்தால் போதாதா? கட்டட வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பி ஒரு சுருள் சும்மா கிடக்கிறது, அது ஆகுமா? முதல் தடவைக்கு எந்தெந்த அளவு வாங்கி வைக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வேரும்விழுதும் எழுதியது:

கட்டுக்கம்பியை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அது சூடுகாட்டி இளக்கிய இரும்புதான், கைக்கு வளையும். ஆனால் தண்ணீர் படப்படத் துருப்பிடிக்கும், துரு பட்டையில் கறையாக இறங்கும். போதாக்குறைக்கு அது மெல்லியது. கிளையை நிறுத்தும் அளவுக்கு இறுக்கினால் பட்டையை அறுத்துவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது, ஆனால் விறைப்பு அதிகம். சுற்றும்போதே கிளை ஒடிகிற அபாயம் உண்டு. அதை இழுகம்பியாக, அதாவது கிளையைக் கீழே இழுத்துக் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு. எந்த உலோகம் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் முதலில் பார்ப்பது கம்பி எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை. சுற்றும்போது கைக்கு அடங்க வேண்டும், வளைத்து விட்டால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரு சாண் துண்டை எடுத்து விரலைச் சுற்றி வளைத்துவிட்டு விடுங்கள். விட்ட இடத்தில் நின்றால் நல்ல கம்பி. துள்ளிக்கொண்டு பாதி தூரம் திரும்பினால் அது விறைப்பாக இழுத்த கம்பி. எந்த உலோகமாக இருந்தாலும் மரத்துக்கு வேண்டாம்.

போன்சாய்க்கென்று விற்கும் அலுமினியக் கம்பி கிட்டத்தட்டச் சுத்த அலுமினியம். கலப்பு உலோகம் இல்லை. இழுத்த பிறகு சூடுகாட்டி முழுக்க இளக்கியிருப்பார்கள். மேலே இருக்கும் பழுப்பு நிறம் அனோடைஸ் செய்து (மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உண்டாக்கி) சாயம் ஏற்றியது, வெயிலில் பளபளக்காமல் மரத்தோடு ஒட்டிப்போகத்தான். அந்த நிறத்தை வைத்துச் செம்பு என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம்.

செம்புப்பட்டறை எழுதியது:

ஜூனிப்பர் என்றால் நான் செம்பைத்தான் சொல்வேன். பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களின் கிளை ரப்பர் மாதிரி, வளைத்தாலும் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். ஒரு பருவம் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தப் பிடி செம்புக்கு உண்டு.

காரணம் இதுதான். இளக்கிய செம்பை வளைக்க வளைக்க அது இறுகும். நீங்களே பார்க்கலாம்: இளக்கிய 2 மி.மீ. துண்டு ஒன்றை எடுத்து ஒரே இடத்தில் மடக்குங்கள், நிமிர்த்துங்கள், மறுபடி மடக்குங்கள். முதல் தடவை மெழுகுபோல வரும். இரண்டாவது மடிப்பிலேயே விரல் உணரும். நான்காவதுக்குக் குறடு தேடுவீர்கள். மரத்தில் சுற்றும்போதும் இதேதான் நடக்கிறது. கைக்கு மென்மையாகச் சுற்றுகிறோம், சுற்றி வளைத்த பிறகு அது கட்டியாகிவிடுகிறது. அலுமினியமும் இறுகும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

இன்னொரு லாபம், தடிமன் குறையும். 3 மி.மீ. அலுமினியம் தேவைப்படும் இடத்தில் 2 முதல் 2.5 மி.மீ. செம்பு போதும். செதில் செதிலாக அடர்ந்திருக்கும் ஜூனிப்பர் இலைகளுக்கு நடுவே மெல்லிய கம்பி கண்ணில் படாது. கொஞ்ச நாளில் செம்பு கறுத்து, பட்டையின் நிறத்தோடு போய்விடும்.

காயில்கட்டு எழுதியது:

நான் மோட்டார் காயில் கட்டும் தொழிலில் இருப்பவன், கம்பியோடு தினமும் புழங்குகிறேன். வயரிங் ஒயர் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்.

வீட்டு வயரிங்குக்கு வரும் ஒயரில் இரண்டு வகை. உள்ளே ஒரே கம்பியாக இருப்பது, மெல்லிய இழைகள் பலவாக இருப்பது. இழைகளாக இருப்பது நமக்கு ஆகாது. முறுக்கிவைத்தாலும் நிற்காது. ஒற்றைக் கம்பி ஒயரில் இருப்பது பெரும்பாலும் இளக்கிய செம்புதான், நேராக உரித்து எடுத்தால் மெல்லிய கிளைகளுக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அதை மி.மீ. கணக்கில் விற்பதில்லை, சதுர மி.மீ. கணக்கில் விற்பார்கள். அது குறுக்குவெட்டின் பரப்பு, தடிமன் இல்லை. ஒற்றைக் கம்பியாக இருந்தால் 1.5 சதுர மி.மீ. என்பது சுமார் 1.4 மி.மீ. தடிமன். 2.5 என்றால் 1.8 மி.மீ., 4 என்றால் 2.25, 6 என்றால் 2.75. இது தெரியாமல் 2.5 ஒயரை 2.5 மி.மீ. கம்பி என்று நினைத்து வாங்கினால் அது கிளையைத் தாங்காது, பழி மரத்தின் மேல் விழும்.

மேல் உறையைத் தயவுசெய்து கத்தியால் உரியுங்கள். தீயில் போட்டு எரிக்காதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், டையாக்சின் வரும். மூச்சுக்கு விஷம், மண்ணுக்கும் விஷம். எனாமல் பூசிய காயில் கம்பிக்கும் அதே எச்சரிக்கை. காயில் கம்பி நல்ல இளக்கமானது, 1 மி.மீ.க்குக் கீழே மெல்லிய அளவுகள் எளிதாகக் கிடைக்கும், எனாமலோடு அப்படியே சுற்றலாம். சிறுகிளைகளுக்கும், வேரைத் தொட்டியோடு கட்டவும் நான் அதைத்தான் எடுக்கிறேன்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, செம்பு பூசிய அலுமினியம். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. முனையைச் சாய்வாக வெட்டிப் பாருங்கள், அல்லது பிளேடால் சுரண்டுங்கள், வெள்ளை தெரிந்துவிடும். இரண்டாவது, வெல்டிங்குக்கு வரும் செம்பு நிறச் சுருள். அது செம்பு முலாம் பூசிய எஃகு. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும்.

மண்வாசம் எழுதியது:

ரொம்ப நன்றி. காந்தம் விஷயம் நான் யோசித்தே பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் 12 கேஜ் செம்பு தருகிறேன் என்றார். நான் பார்த்த ஓர் அட்டவணையில் 12 கேஜ் 2.05 மி.மீ., இன்னொன்றில் 2.64 மி.மீ. எது சரி?

முல்லைப்பந்தல் எழுதியது:

இரண்டும் சரிதான் தம்பி. இரண்டு வேறு அளவுமுறைகள். பிரிட்டிஷ் முறையான எஸ்.டபிள்யூ.ஜி.யில் 12 என்றால் 2.64 மி.மீ. அமெரிக்க முறையான ஏ.டபிள்யூ.ஜி.யில் 12 என்றால் 2.05 மி.மீ. அமெரிக்க 12 கேஜும் பிரிட்டிஷ் 14 கேஜும் கிட்டத்தட்ட ஒன்று (அது 2.03). இரண்டு முறையிலும் எண் கூடக்கூடக் கம்பி மெலியும், அதை மட்டும் மறக்காதீர்கள். கேஜைச் சொல்லி வாங்காமல் மி.மீ. சொல்லி வாங்குங்கள்.

காலிப்பர் இல்லையென்றாலும் அளக்கலாம். கம்பியை ஒரு பேனாவில் இடைவெளி இல்லாமல் நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றி, அந்தப் பத்தின் அகலத்தை ஸ்கேலில் பார்த்துப் பத்தால் வகுத்தால் தடிமன் கிடைத்துவிடும். மெல்லிய கம்பிகளுக்கு இது நன்றாகவே சரியாக வரும்.

இந்த அரை மி.மீ.க்காக ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறோம் என்றால், தடிமன் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு ஏகத்துக்குக் கூடும். தடிமனின் நான்காம் அடுக்கில் கூடுவது அது. 2 மி.மீ. கம்பியோடு ஒப்பிட்டால் அதே உலோகத்தில் 2.5 மி.மீ. கம்பி சுமார் 2.4 மடங்கு விறைப்பு, 3 மி.மீ. ஐந்து மடங்கு. அதனால்தான் மெல்லிய கம்பியை இரண்டாகச் சேர்த்துச் சுற்றுவதைவிட ஒரு படி தடித்த ஒற்றைக் கம்பி மேல் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு கம்பி என்றால் விறைப்பு இரண்டு மடங்குதான், பட்டையில் பதியும் இடமும் இரட்டிப்பு.

எடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 2 மி.மீ. அலுமினியம் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 118 மீட்டர் வரும். அதே 2 மி.மீ. செம்பு 35 மீட்டர்தான். 3 மி.மீ. அலுமினியம் 52 மீட்டர், 4 மி.மீ. 29 மீட்டர் சொச்சம். சுருளின் மேல் நீளமும் எடையும் போட்டிருந்தால் இந்தக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் தடிமன் சொன்னபடி இல்லை, அல்லது உலோகம் சொன்னபடி இல்லை.

இலையுதிர் எழுதியது:

பட்டறை அண்ணா சொன்னதில் உடன்பாடு இருந்தாலும், முதல் தடவை சுற்றுகிறவருக்குச் செம்பைப் பரிந்துரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. செம்பு ஒரு தடவைதான் மன்னிக்கும். சுற்றும் கோணம் தவறிவிட்டது, பிரித்துத் திரும்பச் சுற்றலாம் என்றால் அதற்குள் அது இறுகிவிட்டிருக்கும். இறுகிய கம்பியைக் கிளையிலிருந்து பிரிக்கும்போது பட்டை உரிகிறது, மொட்டுகள் போகின்றன. அலுமினியத்தில் இரண்டு மூன்று தடவை மாற்றிச் சுற்றினாலும் தாங்கும். கைப்பழக்கம் வரும் வரை அலுமினியம்தான்.

என்னுடையவை எல்லாம் இலையுதிர் மரங்கள். அவற்றின் பட்டை மென்மை, வளர்ச்சி வேகம். செம்பின் இறுக்கமான பிடி அங்கே வரமில்லை, தழும்புதான். கொஞ்சம் தடித்த, இளகிய அலுமினியம் பட்டையில் அகலமாக உட்காரும். பதிந்தாலும் ஆழமாகப் பதியாது.

செம்புப்பட்டறை எழுதியது:

இலையுதிர் சொல்வது நியாயம். இலையுதிர் மரங்களுக்கு நானும் அலுமினியம்தான். ஆனால் ஜூனிப்பரின் பென்சில் தடிமன் கிளையை அலுமினியத்தில் நிறுத்த 3 மி.மீ. வேண்டும், அதன் நுனிகளுக்கும் தடித்த கம்பி வேண்டும், மரம் முழுக்கக் கம்பியாகத் தெரியும். முதலில் வெட்டிப்போட்ட கிளைகளில் சுற்றிப் பழகட்டும், அப்புறம் செம்புக்கு வரட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

செம்பை இளக்குவது எப்படி என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டார்கள், எல்லாருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். விறைப்பான செம்பு கிடைத்தாலும், பயன்படுத்தி இறுகிய செம்பு இருந்தாலும், இதைச் செய்தால் புதிது மாதிரி ஆகும்.

கம்பியை முதலில் வட்டச் சுருளாகச் சுற்றிவிடுங்கள், ஒரு சாண் அகலமாவது இருக்கட்டும். தடிமன்வாரியாகத் தனித்தனிச் சுருள். மெல்லியதும் தடித்ததும் ஒரே சுருளில் இருந்தால் தடித்தது சூடேறுவதற்குள் மெல்லியது எரிந்து பொரிந்துவிடும். சுருளைக் கட்டுவதும் ஒரு செம்புத் துண்டால்தான். வேலையை அந்தி மங்கிய நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில் செம்பின் சிவப்பு தெரியாது. விறகு எரிந்து தணல் பிடித்ததும் சுருளை மேலே வையுங்கள். முதலில் நிறங்கள் ஓடும், பிறகு கறுக்கும், பிறகு அந்தக் கறுப்புக்குள்ளிருந்து மங்கலான சிவப்பு ஒன்று கிளம்பும். சுருள் முழுவதும் அந்தச் சிவப்பு பரவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சிவந்தால் இடுக்கியால் திருப்பிப் போடுங்கள். ஆரஞ்சு நிறத்துக்கு விடாதீர்கள். முழுக்கச் சிவந்ததும் எடுத்துவிடலாம்.

எடுத்ததைத் தண்ணீரில் போட்டாலும் சரி, தானாக ஆற விட்டாலும் சரி. இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் கட்டியாகும் என்ற பழக்கத்தில் செம்புக்கும் பயப்படுகிறார்கள். சுத்தச் செம்புக்கு அந்தக் குணம் கிடையாது. தண்ணீரில் போட்டால் மேலே இருக்கும் கரிப்பொருக்கு உதிரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இளக்கிய பிறகு அந்தச் சுருளை அநாவசியமாக நிமிர்த்துவதும் மடக்குவதும் வேண்டாம். ஒவ்வொரு வளைப்பும் அதன் இளக்கத்தைச் செலவழிக்கிறது. வேண்டிய நீளத்தை வெட்டி, நேராக மரத்துக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஜி.ஐ. கம்பியை இந்தத் தீயில் போட்டுவிடாதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் கொண்டுபோய்விடும். அலுமினியத்தையும் தீயில் போடாதீர்கள். அது 660 டிகிரியில் உருகும், உருகுவதற்கு முன் நிறம் மாறிக் காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொப்பென்று விழும்.

காயில்கட்டு எழுதியது:

அலுமினியம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. மின்கம்பங்களில் போகும் மேல்நிலைக் கம்பியின் மிச்சத் துண்டுகள் அலுமினியம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். அது விறைப்பாக இழுத்தது. தூண்களுக்கு நடுவே இழுவையைத் தாங்க வேண்டும் அல்லவா. பல வகைகளில் நடுவில் எஃகு இழையும் இருக்கும். விரலில் சுற்றிப் பார்க்கும் சோதனையில் முதல் சுற்றிலேயே தோற்கும். வெல்டிங் அலுமினியமும் அப்படித்தான், அது சிலிக்கனோ மக்னீசியமோ கலந்தது. மின்வேலிக் கம்பியும் விறைப்பு.

தொட்டிவனம் எழுதியது:

எல்லாவற்றையும் கம்பியால்தான் செய்ய வேண்டுமா என்றும் ஒரு தடவை யோசியுங்கள். சீனாவின் லிங்னான் பாணியில் கம்பியைவிட வெட்டும் வளர்ச்சியும்தான் பிரதானம். கிளையை வளரவிட்டு, வேண்டிய திசையில் மொட்டு இருக்கும் இடத்தில் வெட்டி, அந்த மொட்டு போகும் திசையிலேயே அடுத்த துண்டை வளர்ப்பார்கள். அங்கேயே யாங்சோ நகரில் பனைவகை ஒன்றின் நாரால் கட்டி வளைத்தார்கள். வேகமாகத் துளிர்க்கும் ஃபைகஸுக்கு வெட்டி வளர்க்கும் வழி அருமையாகப் பொருந்தும், மண்வாசம் இதுவரை செய்தது அதைத்தான்.

கிளையைத் தாழ்த்த மட்டும் என்றால் இழுகம்பி போதும். கிளையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி, அதன்மேல் மெல்லிய கம்பியைப் போட்டு, தொட்டியின் விளிம்பிலோ தடித்த வேரிலோ கட்டி இழுப்பது. கம்பி ஓரிடத்தில்தான் தொடும், தழும்பு கவலை குறைவு. இங்கே எந்தக் கம்பியானாலும் பரவாயில்லை, இழுவைதான் முக்கியம், வளைந்து நிற்கும் குணம் தேவையில்லை. நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

வேரும்விழுதும் எழுதியது:

தொட்டிவனம் சொன்ன இழுகம்பியை நானும் தடித்த கிளைகளுக்கு விரும்புவேன். ஆனால் மண்வாசம் நெளிவும் கேட்கிறார், அதற்குச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

தடிமன் தேர்வுக்கு எல்லாரும் சொல்லும் கணக்கு, கம்பி சுற்றத் தொடங்கும் இடத்தில் கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. அது அலுமினியத்துக்கான தொடக்கப் புள்ளி மட்டும்தான். ஒரே தடிமனில் காகிதப்பூவின் முற்றிய கிளையும் ஃபைகஸின் இளங்கிளையும் ஒன்றா? கிளையையே கேட்டுவிடலாம்: கம்பியின் நுனியிலிருந்து ஒரு விரல் நீளம் விட்டுப் பிடித்து, அந்த நுனியால் கிளையைத் தள்ளுங்கள். கிளை நகர்ந்தால் கம்பி போதும். கம்பி மடங்கினால் ஒரு அளவு மேலே போங்கள். நான் கணக்கைவிட இதைத்தான் நம்புகிறேன்.

நீளம் கிளையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு வெட்டுங்கள். 45 டிகிரி சாய்வில் சுற்றினால் 1.4 மடங்கு ஆகும், மீதி நங்கூரத்துக்கு, அதாவது கம்பியின் அடி நழுவாமல் தண்டில் சுற்றி நிறுத்துவதற்கு.

காகிதப்பூ பற்றி யாரும் சொல்லவில்லை. முற்றிய கிளை சட்டென்று முறியும், எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும். பச்சை மாறி லேசாகப் பழுப்பேறும் இளந்தண்டாக இருக்கும்போதே சுற்றி வளைத்துவிடுங்கள். அதற்கு 1 அல்லது 1.5 மி.மீ. அலுமினியமே அதிகம்.

மண்வாசம் எழுதியது:

எல்லாருடைய பேச்சையும் கேட்டு, அலுமினியத்தில் 1, 1.5, 2, 3 மி.மீ. நான்கு அளவு வாங்கியாயிற்று. கையில் தூக்கினேன், காந்தம் வைத்தேன், விரலில் சுற்றினேன். ஒரு சுருள் மட்டும் வளைத்த இடத்தில் நிறம் செதில் செதிலாக உதிர்ந்தது, மற்றவற்றில் உதிரவில்லை. அது பெயின்ட்டா?

அப்புறம் சுற்றும் முறையை யாராவது படிப்படியாக இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலச் சொல்ல முடியுமா? படிப்படியாக எழுதியதை நிறையப் படித்துவிட்டேன், கை எங்கே இருக்க வேண்டும் என்பது மட்டும் பிடிபடவில்லை.

முல்லைப்பந்தல் எழுதியது:

ஆமாம், பெயின்ட்தான். அனோடைஸ் நிறம் உலோகத்தின் மேற்பரப்போடு ஒன்றியது, வளைத்தால் செதிலாக உரியாது. கம்பி இளகியதாக இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். தொட்டியின் அடித்துளை வலையை நிறுத்த, மரத்தைத் தொட்டியோடு கட்ட, அதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கே வருடத்தில் நிறையக் கம்பி போகும்.

வேரும்விழுதும் எழுதியது:

சரி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

முந்தின நாள் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்திருந்தால் கிளை நன்றாக வளைந்து கொடுக்கும். உங்கள் ஜூனிப்பரின் கீழ்க்கிளையில் அடியில் தொங்கும் இலைகளையும் கவட்டில் இருக்கும் சருகுகளையும் முதலில் எடுத்துவிடுங்கள். கம்பிக்கு அடியில் இலை மாட்டினால் அது செத்துவிடும்.

3 மி.மீ. கம்பியை நங்கூரமிடாமல் எந்தக் கிளையும் அசையாது. அந்தக் கிளைக்கு அருகிலேயே, கிட்டத்தட்ட அதே தடிமனில் இன்னொரு கிளை இருந்தால் இரண்டுக்கும் ஒரே கம்பி. நடுப்பகுதி தண்டைக் குறைந்தது ஒன்றரைச் சுற்று சுற்ற வேண்டும். கிளையைத் தாழ்த்தப் போகிறீர்கள், அதனால் கம்பி தண்டிலிருந்து கிளைக்கு வரும்போது முதல் சுற்று கிளையின் மேல்புறமாக வரட்டும். கீழே வளைக்கும்போது நாரிழைகள் இழுபடுவது மேல்புறத்தில்தான், கம்பி அங்கே முதுகுபோல நிற்க வேண்டும்.

இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஏற்கெனவே சுற்றிய கடைசிச் சுற்றை அழுத்திப் பிடித்திருக்கும். அந்தப் பிடி தளரவே கூடாது. வலது கை கம்பியைக் கிளையிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து, கிளையைச் சுற்றிக் கொண்டுபோகும். கம்பியை இழுக்க வேண்டாம், கிளையின் மேல் படியவைத்துக்கொண்டே போங்கள். ஒரு சுற்று முடிந்ததும் இடது கை அந்த இடத்துக்கு நகரும். கம்பி பட்டையை எல்லா இடத்திலும் தொட்டிருக்க வேண்டும், அமுக்கியிருக்கக் கூடாது. இடைவெளி தெரிந்தால் அந்த இடத்தில் வளைவு நிற்காது. மெல்லிய கம்பி வரும்போது தடித்த கம்பியின் பக்கத்திலேயே, அதே சாய்வில் படுக்கட்டும், குறுக்கே ஏற விடாதீர்கள்.

வளைக்கும்போது இரண்டு பெருவிரல்களும் வளைவின் உள்பக்கம், மற்ற விரல்கள் வெளிப்பக்கம் கம்பியின் மேல். வெளிவளைவின் உச்சியில் கம்பி ஒன்று கடந்துபோகும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஒடிவது அங்கேதான். கொஞ்சம் வளைத்து நிறுத்தி, மறுபடி கொஞ்சம். லேசாக நாரிழை நெறிபடும் சத்தம் கேட்டால் அதோடு விட்டுவிடுங்கள், மீதியைச் சில வாரம் கழித்துப் பார்க்கலாம்.

இலையுதிர் எழுதியது:

இவ்வளவு அழகாகச் சுற்றிய பிறகு மறந்துபோவதுதான் பெரிய ஆபத்து. ஃபைகஸ் நல்ல வளர்ச்சியில் இருந்தால் சில வாரத்திலேயே கம்பி பதியத் தொடங்கும். வாரம் ஒரு தடவை கிளையின் தடித்த பகுதியைப் பாருங்கள், பதிவது அங்கேதான் முதலில் தெரியும். கம்பிக்கு இரு பக்கமும் பட்டை மேடாக எழும்பினால், வடிவம் நின்றதோ இல்லையோ, கழற்றிவிட வேண்டும். திரும்பச் சுற்ற வேண்டியிருந்தால் தடம் மாற்றிச் சுற்றலாம். ஜூனிப்பர் மெதுவாக வளரும், ஆனால் துளிர்க்கும் பருவத்தில் அதையும் விட்டுவிடாதீர்கள்.

மண்வாசம் எழுதியது:

சுற்றிவிட்டேன், கிளை இறங்கி நிற்கிறது. கடைசிக் கேள்வி. கழற்றும்போது சுற்றைப் பிரித்து எடுத்தால் அலுமினியத்தைத் திரும்பப் பயன்படுத்தலாம் அல்லவா? எல்லாரும் ஏன் வெட்டி எடுக்கச் சொல்கிறார்கள்?

வேரும்விழுதும் எழுதியது:

பிரிக்கும்போது கம்பியின் வால் சுழலும், அது பக்கத்து மொட்டில் அடிக்கும். மாதக்கணக்கில் வளர்த்த துளிரை ஒரு நொடியில் தட்டிவிடும். கம்பி பதிந்திருந்தால் பட்டையும் சேர்ந்து வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெட்டு, துண்டுகள் தாமாக உதிரும். சாதாரணக் குறடு வேண்டாம், அதன் கூர்மூக்கு பட்டையைக் குத்தும். முனை மழுங்கி, நுனி வரை வெட்டும் கம்பிக் கட்டர் ஒன்று வாங்குங்கள். செம்பென்றால் கட்டாயம் வெட்டித்தான் எடுக்க வேண்டும், இறுகிய செம்பைப் பிரிக்கவே முடியாது.

3 மி.மீ.க்கு மேல் தடித்த அலுமினியத்தை மட்டும், கிளை உறுதியாக இருந்தால், நுனியிலிருந்து அடி நோக்கிப் பொறுமையாகப் பிரிக்கலாம். சுவரில் உருட்டியோ கட்டைமேல் வைத்துத் தட்டியோ நிமிர்த்தினால் இன்னொரு தடவை தண்டுக்கு ஆகும், கொஞ்சம் இறுகியிருக்கும்.

செம்புப்பட்டறை எழுதியது:

வெட்டிய செம்புத் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், அலுமினியத்தோடு கலக்காமல். விரல் நீளத்துக்கு மேல் இருப்பவற்றை மறுபடி இளக்கினால் நுனிக் கிளைகளுக்கு ஆகும். அடுத்த பருவம் ஜூனிப்பரின் நுனிகளுக்கு 1 மி.மீ. செம்பு போட்டுப் பாருங்கள், அதற்குள் கை பழகியிருக்கும்.